பரண்மேல் பதின்மூன்று ஃப்ளாப்பி

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, முடிச்சூரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "டேய், பரண் சுத்தம் பண்ணும்போது ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டுது. உள்ள பூரா ஃப்ளாப்பி. உன் தொழில்தானே, வந்து பாரு."

சேலையூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். டின்னைத் திறந்ததும் அந்தப் பழைய பிளாஸ்டிக் வாசனை. மூன்றரை அங்குலத்தில் ஒன்பது, ஐந்தேகால் அங்குலத்தில் நான்கு. எல்லாவற்றின்மேலும் சித்தப்பாவின் கையெழுத்தில், நீல மசியில்: 'ஐயா சொல் 1', 'ஐயா சொல் 2' என்று பதின்மூன்று வரை.

சித்தப்பா 1992இலிருந்து பதினேழு வருடம் மேற்குத் தாம்பரத்தில், சண்முகம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் டிடிபி சென்டர் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், வினாத்தாள். இவற்றுக்கு நடுவே லாபம் பார்க்காமல் செய்த வேலை ஒன்று உண்டு. கிராமத்துப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஒரு பெரியவர், செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிப்பாசன ஊர்களில் சுற்றிச் சுற்றிச் சேர்த்த சொற்களின் அகராதி அது. ஃப்ளாப்பிகளின்மேல் இருந்த 'ஐயா' அவர்தான். மதகு, கலங்கல், தூம்பு, நீர்க்கட்டி என்று நமக்குத் தெரிந்தவை கொஞ்சம்தான். ஒரே மடையின் மூன்று பக்கத்துக்கும் மூன்று பெயர், நாற்றங்காலில் தண்ணீர் நிற்கும் உயரத்துக்குத் தனித்தனிப் பெயர் என்று ஐந்நூறு பக்கம் போகும் என்பார் சித்தப்பா. அச்சுக்குப் பணம் சேரவில்லை. லேசர் பிரிண்ட் எடுத்த ஒரே பிரதி ஆசிரியர் வீட்டில் இருந்தது. கோப்புகள் சித்தப்பாவின் ஹார்ட் டிஸ்கில் இருந்தன.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. சித்தப்பா வீட்டுத் தரைத்தளத்தில் இருந்த கணினி, சிடி அடுக்கு எல்லாம் தண்ணீரில் போயின. வரதராஜபுரத்தில் ஆசிரியர் வீட்டில் பிரதியும் போயிற்று. அவர் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. பரணில் இருந்ததால் இந்த டின் மட்டும் தப்பியிருக்கிறது. பத்து வருடமாக யாருக்கும் நினைவில்லை.

என் வேலை சிறுசேரி சிப்காட்டில். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னல் புதிதாக வரும்போதெல்லாம் எங்கள் ஸ்டோரேஜ் மென்பொருள் அதில் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்கிறவன் நான். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு கர்னல் வருகிறது. ஒவ்வொன்றிலும் என்ன சேர்ந்தது என்று எல்லோரும் பார்ப்பார்கள். என்ன போயிற்று என்று பார்ப்பது என் வழக்கம். பழைய டிஸ்க் கன்ட்ரோலர், பழைய கோப்பு முறைமை, பழைய இணைப்பு வகை ஏதாவது ஒன்று சத்தமில்லாமல் வெளியே போயிருக்கும். அந்தப் பட்டியலைப் பல வருடமாகப் படிக்கிறேன். பிஸ்கட் டின்னைக் கையில் வாங்கியபோதுதான் அந்தப் பட்டியல் எங்கள் வீட்டுக் கதையும்தான் என்று உறைத்தது.

டிரைவர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரு சாதனத்தோடு அதன் மொழியில் பேசத் தெரிந்த சிறு நிரல் அது. ஃப்ளாப்பியின் மோட்டாரைச் சுழற்று, தலையை இத்தனையாவது தடத்துக்கு நகர்த்து, வந்ததைப் படி என்று சொல்வது அதன் வேலை. கர்னலில் அந்த நிரல் இல்லையென்றால் டிரைவ் நன்றாகவே இருந்தாலும் அது வெறும் இரும்புதான்.

லினக்ஸின் ஃப்ளாப்பி டிரைவரை முதலில் எழுதியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 2019 ஜூலையில் அதே டோர்வால்ட்ஸ் அதை 'அநாதை' என்று குறித்தார். கர்னலில் அது ஒரு அலுவல் சொல். பராமரிக்க ஆள் இல்லாத பகுதிக்கு அப்படித்தான் பெயர். அதுவரை பார்த்துக்கொண்டிருந்த யிரி கொசினாவிடம் வேலை செய்யும் ஃப்ளாப்பி டிரைவே இல்லாமல் போயிருந்தது. சோதித்துப் பார்க்கச் சாதனம் இல்லாதவர் எப்படி நிரலைத் திருத்துவார்? அந்தச் சமயத்தில் அதன் பிழைகளைத் தேடித் தேடித் திருத்திக்கொண்டிருந்த டெனிஸ் எஃப்ரேமவ் பிறகு அதைப் பொறுப்பேற்றார். அப்படித்தான் அந்த நிரல் பிழைத்தது. ஒரு மனிதர் கையை உயர்த்தினார். அதற்குமேல் அதில் ரகசியம் எதுவும் இல்லை.

"இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன தொந்தரவு?" என்று பலர் கேட்பார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். ஓஎம்ஆரில் தினமும் போகிறவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரைக்கும் மெட்ரோ போடுகிறார்கள். சாலையின் மட்டம் ஓர் இடத்தில் மாறினால், அந்த வரிசையில் இருக்கும் ஒவ்வொரு கடையும் தன் படிக்கட்டை மாற்றியாக வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு முதலாளி ஊருக்குப் போய்விட்டால் அந்தப் படியை யார் இடிப்பது, யார் கட்டுவது?

கர்னலில் நடந்ததும் அதுதான். டிஸ்குக்குப் போகும் கோரிக்கைகள் எல்லாம் ஒரே வரிசையில் நின்று போன காலம் ஒன்று இருந்தது. சுழலும் டிஸ்குக்கு அது போதும். ஒரே நொடியில் லட்சக்கணக்கான கோரிக்கைகளை முடிக்கும் இன்றைய என்விஎம்இ சாதனங்களுக்குப் பல வரிசை வேண்டும். 2019 மார்ச்சில் வந்த 5.0 கர்னலோடு பழைய ஒற்றை வரிசை முறையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு பழைய டிரைவரையும் புதிய முறைக்கு மாற்ற வேண்டியிருந்தது, ஃப்ளாப்பி உட்பட. மாற்றியவர்களில் பலருடைய மேசையில் அந்தச் சாதனம் கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிற வேலை அது.

இன்னொரு பக்கம் பாதுகாப்பு. 2015 மே மாதம் 'வெனம்' என்ற ஓட்டை வெளியே வந்தது. கியூஎமு மென்பொருளில், மெய்நிகர் இயந்திரங்களுக்காகப் போலி செய்து வைத்திருந்த ஃப்ளாப்பி கன்ட்ரோலரில் இருந்த பிழை. 2004இலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருப்பவர், அதைத் தாங்கும் சர்வருக்குள்ளேயே நுழைந்துவிட முடியும் என்ற நிலை. ஃப்ளாப்பியே வேண்டாம் என்று அணைத்து வைத்திருந்தாலும் சில அமைப்புகளில் அந்தப் பகுதி உயிரோடுதான் இருந்தது. யாரும் தொடாத சாதனத்துக்கான யாரும் படிக்காத நிரல், தரவு மையத்தின் கொல்லைப்புறக் கதவாகிவிட்டது. இன்று சிறுசேரியிலேயே பெரிய பெரிய தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றைக் கடந்து போகும்போது எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வராமல் இருக்காது.

ஆகவே பழையதை எடுப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரும்பாலும் அவர்கள் அக்கறையோடுதான் எடுக்கிறார்கள். ரிப்பன் கேபிள் போட்ட ஐடிஇ டிஸ்குகளுக்கான பழைய டிரைவர் தொகுதி 2021 ஆகஸ்டில் வந்த 5.14 கர்னலில் போயிற்று. சுமார் நாற்பதாயிரம் வரி. ஆனால் ஐடிஇ டிஸ்க் படிக்க முடியாமல் போகவில்லை. லிப்ஏடிஏ என்ற புதிய தொகுதி அதற்குப் பல வருடம் முன்பே அந்த வேலையை எடுத்துக்கொண்டிருந்தது. முன்பு 'எச்டிஏ' என்று காட்டிய டிஸ்க் இப்போது 'எஸ்டிஏ' என்று காட்டும், அவ்வளவுதான். இணை போர்ட்டில் மாட்டும் பழைய வெளி டிரைவ்களுக்கும் இதுவே நடந்தது. தொண்ணூறுகளில் எழுதிய அந்த டிரைவர்கள் இற்றுப்போய்க் கிடந்தன. ஒண்ட்ரெய் ஸாரி என்பவர் அவற்றை லிப்ஏடிஏவின் கீழ் வேலை செய்யும்படி மாற்றி எழுதினார். 2023இல் 6.3 கர்னலில் அது சேர்ந்தது. இணை போர்ட்டே இல்லாத கணினிகள் விற்கும் காலத்தில் இதைச் செய்திருக்கிறார் மனிதர். அவரை நேரில் பார்த்தால் கையைப் பிடித்து நன்றி சொல்வேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒரு டிரைவரை எடுக்கலாமா என்று யோசிக்கும்போது கர்னல்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: இதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா? பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. அந்தக் கேள்வி நம் காதில் விழுகிறதா?

சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் ஒரு நிறுவனம் ஐந்து வருடம் ஆயிற்று என்று சர்வரைக் கழிக்கிறது. அது ரிச்சி தெருவுக்குப் போகிறது. அங்கே ரேம் மாற்றி, டிஸ்க் மாற்றி, ஒரு அச்சகத்துக்கோ டியூஷன் சென்டருக்கோ சிறு மருத்துவமனைக்கோ போகிறது. இன்னும் பத்து வருடம் ஓடுகிறது. நிறுவனத்தின் கணக்கில் செத்துவிட்ட இயந்திரம் பல்லாவரத்தில் ஒரு பில்லிங் கவுண்டரைத் தாங்கிக்கொண்டிருக்கும். வன்பொருளுக்கு நம் ஊரில் இரண்டு ஆயுள். அந்த இரண்டாவது ஆயுளில் அதை வைத்திருப்பவர், கர்னல் மடலாடற்குழு என்று ஒன்று இருப்பதையே அறியாதவர். அவர் பேசாததால் அவருடைய இயந்திரம் கணக்கில் வருவதில்லை.

இதை நேரில் பார்த்திருக்கிறேன். சில வருடம் முன்பு நண்பர் ஒருவருடைய அச்சகத்தில் பழைய சர்வருக்குப் புதிய லினக்ஸ் ஏற்றப் போனேன். நிறுவனங்களுக்கென்று தயாரிக்கப்படும் ஒரு விநியோகம், அதாவது கர்னலோடு மற்ற மென்பொருள்களும் சேர்ந்த தொகுப்பு. நிறுவும் திரை வந்தது, டிஸ்க் ஒன்றுமே இல்லை என்றது. நான்கு டிஸ்கும் பச்சை விளக்கோடு சுழன்றுகொண்டிருந்தன. காரணம் தேடி மதியம் ஆனது. டிஸ்குகளை இணைத்திருந்த ரெய்டு கார்டுக்கான டிரைவர் கர்னலின் மூலத்தில் பத்திரமாக இருந்தது. விநியோகம் தயாரித்தவர்கள் தாங்கள் ஆதரிக்கும் கார்டுகளின் பட்டியலிலிருந்து அதன் அடையாள எண்ணை மட்டும் எடுத்திருந்தார்கள். கர்னலில் போவது ஒன்று, விநியோகத்தில் போவது இன்னொன்று என்பதை அன்றுதான் என் நண்பருக்கு விளக்கினேன். வேறொரு விநியோகத்தை ஏற்றினோம், நான்கு டிஸ்கும் வந்தன. "அப்போ கார்டு நல்லாத்தானே இருக்கு? ஏன் சார் இல்லைன்னு சொல்லுது?" என்று அங்கே வேலை பார்த்த பையன் கேட்டான். அந்தக் கேள்விக்கு அவனுக்குத் திருப்தியான பதிலை என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரே ஒரு குரலால் என்ன ஆகும் என்பதற்கு ரெய்சர்எஃப்எஸ் கதையைப் பாருங்கள். அது சாதனமல்ல, டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை. 2001இல் கர்னலுக்குள் வந்தது. 2022இல் அதை எடுத்துவிடலாமா என்று பேச்சு எழுந்தது. அப்போது ஒருவர், எங்கள் இடத்தில் இன்னும் ஓடுகிறது, மாற்ற அவகாசம் வேண்டும் என்று எழுதினார். எடுக்கும் காலம் 2025 என்று முடிவாயிற்று. 2025 ஜனவரியில் 6.13 கர்னலில் சொன்னபடி எடுத்தார்கள்.

இதில் நம் மாநிலத்துக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. சி. உமாசங்கர் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2000களின் பிற்பாதியில், தமிழக அரசுக் கணினிகளில் சூசே லினக்ஸ் பெரிய அளவில் வந்தது. அந்தக் காலத்தில் வந்த சூசே நிறுவனப் பதிப்பு 10, எதுவும் மாற்றாமல் நிறுவினால் ரெய்சர்எஃப்எஸ்ஸில்தான் டிஸ்கை அமைக்கும். எந்தப் பள்ளியின் பீரோவிலாவது, எந்த அலுவலகத்தின் மூலையிலாவது அப்படியொரு டிஸ்க் இருந்தால், இன்றைய கர்னலுக்கு அதைப் படிக்கத் தெரியாது. பழைய கர்னலோடு ஒரு இயந்திரத்தைத் துவக்கித்தான் எடுக்க வேண்டும். இதை எந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் யார் சொன்னார்கள்?

குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து நடத்திய கட்டற்ற மென்பொருள் மையத்திலிருந்துதான் 2007இல் பாஸ் லினக்ஸ் வந்தது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. லினக்ஸ் நமக்கு அந்நியமான ஒன்று அல்ல. இந்தத் தென்சென்னையிலேயே கர்னலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கும் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ரிச்சி தெருவும் நமக்குப் பக்கத்தில்தான். சாதனமும் இங்கே, கற்றவர்களும் இங்கே. இரண்டையும் சேர்த்து வைத்து, 'இது இன்னும் ஓடுகிறது, சோதித்தேன்' என்று இரண்டு வரி எழுதும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை. என்னிடமும் இருக்கவில்லை.

சரி, டின்னுக்கு வருகிறேன்.

மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகளுக்கு யூஎஸ்பி டிரைவ் போதும். அது பென் டிரைவ் மாதிரி யூஎஸ்பி ஸ்டோரேஜ் வழியாகப் போகும், கர்னலின் ஃப்ளாப்பி டிரைவர் அதற்குத் தேவையே இல்லை. ஐந்தேகால் அங்குலத்துக்கு அந்த வழி கிடையாது. மதர்போர்டில் 34 முள் ஃப்ளாப்பி இணைப்பு இருக்கும் கணினி வேண்டும். நண்பருடைய கிடங்கில் ஒரு பென்டியம் 4 கிடைத்தது. 1.2 எம்பி டிரைவ் கிடைக்கத்தான் மூன்று வாரம் ஆயிற்று. டிரைவ் வந்த பிறகுதான் அதற்கான கேபிளின் முனையே வேறு என்று நினைவு வந்தது. அதற்கு இன்னொரு வாரம்.

டெபியன் லினக்ஸ் 12இன் 32 பிட் பதிப்பை ஏற்றினேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்டெல் கணினிக்கான நிறுவியே கிடையாது. ஒரு கதவு திறந்திருக்கும்போதே பக்கத்துக் கதவு மூடிக்கொண்டு வருகிறது.

சென்னைக் காற்றின் ஈரத்தில் வட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. அப்படியே போட்டால் தலை அதைத் தேய்த்துக்கொண்டு வந்துவிடும். உறையின் ஓரத்தைக் கவனமாகப் பிரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தோம். சித்தப்பாதான் துடைத்தார், எனக்குக் கை நடுங்கியது. பிறகு ஃப்ளாப்பி டிரைவரை ஏற்றினேன். டிரைவில் விளக்கு எரிந்தது. அந்தக் கரகர சத்தம் வந்தது. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பதின்மூன்றில் பதினொன்று முழுதாக வந்தன. எட்டாவதில் சில செக்டர்கள் போய்விட்டன, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலை இரவு முழுக்க ஓடவிட்டும் வரவில்லை. மூன்றாவது, ஐந்தேகால் அங்குலத்தில் ஒன்று, பாதியில் நிற்கிறது. அந்தத் தடத்தில் வட்டின் பூச்சே உரிந்திருக்கிறது. டிரைவர் என்ன செய்யும் பாவம்.

எடுத்த கோப்புகளில் பாதி பேஜ்மேக்கர், மீதி வெறும் உரை. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டிக் கிடந்தது. தமிழ் ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய காலத்துக் கோப்புகள் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு எழுத்துரு விற்றவருக்கும் ஒரு குறியாக்கம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்று தரம் வந்தது. இந்தக் கோப்புகளில் பல அதற்கும் முந்தியவை. சித்தப்பா எந்தெந்தச் சாவியை அழுத்தினால் எந்த எழுத்து வரும் என்று இன்னும் விரலில் வைத்திருக்கிறார். ஒரு மாலை முழுக்க அவர் மேசைமேல் தட்டத் தட்ட நான் எழுத்து மாற்று அட்டவணை எழுதினேன். முதலில் தெளிவாக வந்த சொல் 'கலங்கல்'. ஆசிரியரின் மகளுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினோம்.

அன்றிரவே இன்னொன்றும் செய்தேன். மடிக்கணினியில் 32 பிட்டுக்குப் புதிய கர்னல் ஒன்றைத் தொகுத்து, அந்தப் பென்டியம் 4இல் ஏற்றி, இரண்டு வகை டிரைவிலும் படித்து எழுதிப் பார்த்தேன். மதர்போர்டு, டிரைவ், கர்னல் எண், என்ன செய்தேன், என்ன வந்தது என்று எல்லாவற்றையும் எழுதிக் கர்னலின் பிளாக் பிரிவு மடலாடற்குழுவுக்கு அனுப்பினேன். பன்னிரண்டு வருடமாகக் கர்னலைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறேன். அந்தக் குழுவுக்கு நான் எழுதிய முதல் மடல் இதுதான்.

அந்தக் கணினியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. சேலையூர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, தரையிலிருந்து நான்கடி உயரத்தில் பலகை அடித்து வைத்திருக்கிறேன். இரண்டு அளவு ஃப்ளாப்பி, ஐடிஇ டிஸ்க், ரெய்சர்எஃப்எஸ் படிக்கத் தெரிந்த ஒரு பழைய கர்னல் எல்லாம் அதில் இருக்கின்றன. தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், கேளம்பாக்கம் பக்கம் யாரிடமாவது இப்படியொரு டின் இருந்தால் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கொண்டு வாருங்கள். பூஞ்சை இருந்தால் நீங்களே துடைக்க வேண்டாம். உறையோடு, வெயில் படாமல் கொண்டு வாருங்கள். தொண்ணூறுகளில் டிடிபி சென்டர் வைத்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி: 1994, 95 வாக்கில் நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்களின் விசைப்பலகை அட்டை எது இருந்தாலும் வேண்டும். ஏழாவது ஃப்ளாப்பியில் இருக்கும் நாற்பது பக்கத்தின் எழுத்துரு சித்தப்பாவின் விரலுக்கும் பிடிபடவில்லை.